மூடியில்லாத கூடையில் சாம்பி

பயந்துபோய் அசையாமல் இருக்கும் பூனைக்கும், நம்பி அசையாமல் இருக்கும் பூனைக்கும் என்ன வித்தியாசம்?

எனக்கு இன்னும் தெரியவில்லை. போன மழைக்காலத்திலிருந்து இந்தக் கேள்வி என்னோடேயே இருக்கிறது. அரிசி களையும்போது வரும். வகுப்பில் பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது வரும்.

அன்று பிற்பகல், கொட்டும் மழை. லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் கல் படிகளில் நான் நிற்கிறேன். முதுகில் அம்மாவின் தேயிலைக் கொழுந்துக் கூடை. அதன் கயிறு என் தலையில். கூடைக்குள் எங்கள் பூனை சாம்பி. ஒரு கையில் என் மகள் வினுவின் கை, மறு கையில் துணிப்பை.

கொழுந்துக் கூடைக்கு மூடி கிடையாது. சாம்பி நினைத்திருந்தால் ஒரே தாவலில் தேயிலைக்குள் மறைந்திருக்கும். அதைப் பிடித்து நிறுத்த என்னிடம் ஒரு விரல்கூட மிச்சமில்லை. ஆனாலும் அது தாவவில்லை.

ஏன் தாவவில்லை என்பதைத்தான் கேட்கிறேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் பிரசவத்துக்குப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "நீங்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் பயப்படுவீர்களா?" என்று கேட்டிருந்தார். ஆமாம், பயப்படுவேன். இந்த வாரமும் அப்படித்தான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பைச் சுற்றிக் காட்டியது

முதலில் எங்கள் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். நமுனுகுல மலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுத்து என்னைப் படிக்க வைத்த அதே லயத்தில், ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளில் கடைசிக் காம்பராவில்தான் இப்போதும் இருக்கிறோம். நான் கீழே உள்ள பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. நான் வேலைக்குப் போனால் மூன்று வயது வினுவை அம்மா பார்த்துக்கொள்வார். என் கணவருக்குக் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாட்களில் போனில்தான் குடும்பம்.

எலித் தொல்லைதான் சாம்பியைக் கொண்டுவந்தது. முதலில் கோதுமை மா மூட்டையைக் கடித்தன. பிறகு வினுவின் கம்பளிச் சட்டையின் கையைக் கடித்தன. சட்டைக்குப் பிறகு பிள்ளையின் விரல்தானே என்று எனக்குத் தோன்றிவிட்டது. பக்கத்துக் காம்பரா செல்வியக்காவிடம் சொன்னேன். அவர் தெமோதரையில் இருக்கும் தங்கச்சி வீட்டிலிருந்து ஒரு பூனையை உரச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தார்.

எங்கள் ஆட்கள் பூனையை அப்படித்தான் கொண்டுவருவார்கள். வழி தெரிந்தால் திரும்பிப் போய்விடுமாம். அதனால் சாக்கு. வீட்டுக்கு வந்ததும் சாக்கோடு அடுப்பைச் சுற்றிக் காட்ட வேண்டும். அப்புறம் இதுதான் தன் வீடு என்று அது இருந்துவிடும் என்பார்கள்.

எங்கள் வீட்டில் விறகடுப்பு இல்லை. காஸ் அடுப்புதான். அதுவும் சுவரை ஒட்டிய மேசையில். அம்மாவும் செல்வியக்காவும் மேசையை இழுத்தார்கள். காஸ் டியூப் கழன்றுவிடும் என்று நான் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"காஸ் அடுப்புக்கெல்லாம் இது செல்லுமாக்கா?" என்று செல்வியக்கா அம்மாவைக் கேட்டார்.

"நெருப்பு நெருப்புதானே."

"அப்ப பத்த வச்சில்ல சுத்தணும்?"

"பத்த வச்சா இவ நம்ம ரெண்டு பேரையும் வெளிய தள்ளிக் கதவச் சாத்திருவா," என்று அம்மா என்னைக் காட்டினார்.

சாக்கை அவிழ்த்ததும் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று என் காலைத் தாண்டிப் போனது. கட்டிலுக்கு அடியில், பெட்டிகளுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. குனிந்து பார்த்தேன். இளம் கடுவன் பூனை. ஒரு காது நுனி கிழிந்திருந்தது. வினு அதற்குச் சாம்பி என்று பெயர் வைத்தாள்.

எலிகள் போய்விட்டன. அம்மாவுக்கு அது போதும். "பூன எதுக்கு? எலி புடிக்க. புடிக்குதில்ல. அப்புறம் என்ன?" என்பார்.

எனக்குப் போதவில்லை. நாங்கள் சமையலறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் அது சாப்பிட வரும். ஒரே கூரைக்குக் கீழே ஒரு உயிர் எங்களைப் பார்த்துப் பயந்துகொண்டே வாழ்கிறதே என்று நினைப்பேன். பயந்த பூனை பிள்ளையைப் பிறாண்டிவிடுமே என்றும் நினைப்பேன். இரண்டில் எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

சாக்கைக் கண்டால்

சாம்பி வந்து கொஞ்ச நாளில், விசர் நாய்க்கடித் தடுப்பூசி போட ஆட்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு நாய் பூனைகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். வீட்டில் பிள்ளை இருக்கிறதே, நான் விடுவேனா? அம்மா மறுபடி அதே உரச் சாக்கை எடுத்தார். ஊசி போட்டாயிற்று. ஆனால் அன்றோடு சாம்பிக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. சாக்கு என்றால் கெட்டது.

அடுத்து வந்ததுதான் பெரிய மழை.

எங்கள் லயத்துக்குப் பின்னால் மலைச் சரிவில் ஒரு வெடிப்பு இருக்கிறது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். வேறு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை, மழை கூடினால் கோயில் மைக்கில் சொல்வார்கள், சொன்னதும் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

முதல் தடவை மைக்கில் சொன்னபோது நான் வினுவுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா சாக்கோடு வந்தார். அதைக் கண்டதும் சாம்பி சுவரில் ஏறியது. நான் பிடித்தேன். என் முழங்கை முதல் மணிக்கட்டு வரை ஒரு கோடு இழுத்துவிட்டு, தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் புகுந்து கூரைக்குப் போய்விட்டது. அழைத்துப் பார்த்தோம். மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இறங்கிவிட்டோம்.

பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும்போது வினு கேட்டாள்: "மல விழுந்தா சாம்பி மேலயும் விழுமா?"

"விழாது."

"அப்ப நாம ஏன் வந்தோம்?"

அவள் தலையைத் தடவித் தூங்கச் சொன்னேன். ஆசிரியை என்று பெயர்.

மழை விட்டுத் திரும்பி வந்தபோது சாம்பி உயிரோடுதான் இருந்தது. கூரைக்கு அடியில் பலகை அடித்த அட்டலில், பழைய சாமான்களுக்கு இடையில். ஆனால் நாங்கள் இருக்கும் அறைக்கு அது இறங்கவே இல்லை. அதற்கு முன்னால் கட்டிலுக்கு அடியில் இருந்தாவது எங்களைப் பார்க்கும். இப்போது அதுவும் இல்லை.

செல்வியக்கா என் கைக் காயத்தைப் பார்த்துவிட்டு, "சாக்கக் காட்டிக் கூப்பிட்டா நானே வர மாட்டேன் டீச்சர், அது எப்பிடி வரும்?" என்றார்.

அன்று போனில் என் கணவரிடம் சொன்னேன்.

"நீ வீணாப் பயப்படாத," என்றார். "மல அசைஞ்சா மொதல்ல ஓடுறது பூனதான்."

"ஓடும். எங்க ஓடுச்சின்னு வினுவுக்கு யாரு சொல்றது?"

"சரி, ஒன் வழியில பாரு," என்றார்.

என் வழி எது என்று அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த மழைக்குள் இந்தப் பூனை என் கைக்கு வர வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

கை மடியில்

பதுளை டவுனில் நான் வழக்கமாகக் கருவாடு வாங்கும் கடைக்கார நானாவிடம், உப்புக் குறைந்த நெத்தலி இருக்கிறதா என்று கேட்டேன்.

"என்ன டீச்சர், வீட்டுல யாருக்கும் பிரஷரா?"

"பூனைக்கு நானா."

"பூனைக்குப் பிரஷரா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு நெத்தலியைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டார். "எங்கட வீட்டுலயும் ஒண்டு இருக்கு. கருவாட்டுக் கடைக்காரன் வீட்டுப் பூன. கருவாட்டத் திரும்பியும் பாக்காது. அதுக்கு பட்டர் கேக்குதான் வேணும். ஒங்கட பூன எப்பிடியோ, பாத்துக்கோங்க."

எங்கள் பூனைக்கு நெத்தலி பிடித்தது. அதுவரை நல்ல காலம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, தேநீர் குடித்துவிட்டு, பிள்ளைகளின் கொப்பிகளோடு தரையில் உட்காருவேன். பக்கத்தில் ஒரு நெத்தலியை வைப்பேன். அட்டல் பக்கம் பார்க்க மாட்டேன். பார்த்தால் அது பின்வாங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்திருந்தேன். நேராக உற்றுப் பார்ப்பது பூனைக்குச் சண்டைக்கு அழைப்பது மாதிரி என்று போனில் படித்தேன். கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் 'நான் ஒன்றும் செய்ய மாட்டேன்' என்று அர்த்தமாம். அதையும் செய்து பார்த்தேன். அம்மா கதவருகில் நின்று என்னைப் பார்த்தார்.

"கண்ணுல தூசியா?"

"இல்லம்மா. பூனைக்கு."

"பூனைக்குக் கண்ணடிக்கவா ஒன்னய யூனிவர்சிட்டி வரைக்கும் படிக்க வச்சேன்?"

வினுவைப் பழக்குவதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். அவளுக்கு வாலைப் பிடித்து இழுக்க வேண்டும். "கை மடியில" என்று ஒரு விளையாட்டு உண்டாக்கினேன். சாம்பி வெளியே இருக்கும்போது கை மடியில் இருக்க வேண்டும். அது தானாக வந்து தொட்டால்தான் நாம் தொடலாம். அதுவும் வயிற்றில் இல்லை, தாடைக்குக் கீழே, ஒரு விரலால். ஆச்சரியமாக, என்னைவிட அவளுக்குப் பொறுமை அதிகம். நான்தான் கையை நீட்டிவிட்டுப் பிறகு வருந்துவேன்.

ஒரு நாள் சிவப்புப் பேனாவோடு குனிந்திருக்கிறேன். விரல் முட்டியில் ஈரமாக ஏதோ பட்டது. வினு மூச்சை அடக்கிக்கொண்டு, "அம்மா, அவன் ஒங்கள மோந்து பாக்குறான்," என்றாள்.

நான் அசையவில்லை. கால் மரத்துப்போனது. அடுப்பில் பருப்பு குக்கர் சத்தம் போடத் தயாராகிக்கொண்டிருந்தது. அது கத்தினால் எல்லாம் போயிற்று என்று தெரிந்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை. அம்மா என்ன நினைத்தாரோ, போய் அடுப்பை அணைத்தார். அணைத்துவிட்டு, "பருப்பு வேகல்ல. பூனைக்காக இன்னைக்கி எல்லாரும் பல்லால அரைங்க," என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு உடனே அடுத்த சந்தேகம். மோந்தது என்னையா, என் விரலில் இருந்த நெத்தலி வாசனையையா? மறுநாள் கையை லைஃபோய் சோப்பால் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். வரவில்லை. அதற்கு மறுநாள் கழுவாமல் உட்கார்ந்தேன். அன்றும் வரவில்லை. சோதனை செய்வதை விட்டுவிட்டேன். விட்ட பிறகு ஒரு நாள் வந்து, என் முழங்காலில் தலையை ஒரு தடவை முட்டிவிட்டுப் போனது.

கயிறு

சாம்பி அட்டலில் படுத்தது அம்மாவின் பழைய கொழுந்துக் கூடையில் என்று பிறகுதான் கண்டேன். இப்போது நிறையப் பேர் பை கட்டிக்கொண்டுதான் கொழுந்து எடுக்கிறார்கள். அம்மாவும் வேலையை விடுவதற்கு முன் பைதான். கூடை மேலே கிடந்தது. அதை அப்படியே இறக்கி, என் பழைய ஸ்வெட்டரை உள்ளே போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்று முழுவதும் சாம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. மாலையில் உள்ளே குதித்துச் சுருண்டுகொண்டது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஒனக்குப் பீஸ் கட்டுன கூட அது. அதுல பூன மயிரு," என்றார். ஆனால் எடுக்கவும் இல்லை.

அந்தக் கூடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில், பள்ளி விடுமுறை நாள் ஒன்று. அம்மா மதியத்துக்கு வந்து கூடையை இறக்கிவிட்டு முகம் கழுவப் போயிருந்தார். உள்ளே பச்சை வாசனை. கொஞ்சம் இலைகள் ஒட்டியிருந்தன. நான் கூடையை முதுகில் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டி, கண்ணாடி முன்னால் நின்றேன். அம்மா மாதிரியே இருந்தேன். எனக்குச் சந்தோஷம்.

அம்மா வந்தார். திட்டவில்லை. கயிற்றைத் தலையிலிருந்து எடுத்தார். என்னை உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்து, தலையை வகிடெடுத்துப் பின்னிவிட்டார். சாப்பாட்டு நேரம் முடிந்து மலைக்கு ஓட வேண்டியவர், பின்னி முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. "இது ஒன் தலைக்கு இல்ல," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கயிற்றைத் தொட்டதில்லை.

கூடைக்குள் சாம்பி படுக்கத் தொடங்கியதும் எனக்கு யோசனை வந்தது. அது தூங்கும்போது கூடையைக் கொஞ்சம் தூக்குவேன். உடனே வைத்துவிடுவேன். அது தலையைத் தூக்கிப் பார்க்கும். நான் கண்ணை மூடித் திறப்பேன். பிறகு தூக்கிக்கொண்டு கதவு வரை நடந்தேன். பிறகு வெளித் திண்ணை, இஸ்தோப்பு வரை. ஒவ்வொரு தடவையும் திரும்பிக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்து, ஒரு நெத்தலி.

"பூனைக்கும் டியூஷன் தொடங்கியாச்சா டீச்சர்?" என்று போனில் என் கணவர் கேலி செய்தார்.

சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் உறுத்தியது. அதற்குக் கூடை என்றால் தூங்கும் இடம். எனக்குக் கூடை என்றால் அதைத் தூக்கிக்கொண்டு போகும் வழி. அதன் நல்லதுக்குத்தான் செய்கிறேன். சாக்கைக் கட்டியவர்களும் அப்படித்தானே சொல்லியிருப்பார்கள்?

அந்தப் பிற்பகல்

அன்று மழை காரணமாகப் பள்ளிக்கூடத்தை நேரத்தோடு விட்டுவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து சேரவும் கோயில் மைக்கில் சொல்லவும் சரியாக இருந்தது.

சாம்பி கூடைக்குள்தான் இருந்தது. நான் வினுவின் இழுப்பு மருந்தையும் துணிகளையும் பையில் போட்டேன். கூடையை, பழகியபடி, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினேன். இஸ்தோப்பைத் தாண்டி முதல் படியில் கால் வைத்ததும் வினு வழுக்கி உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்குள் நடந்து பழகியதில் ஒன்றை விட்டுவிட்டேன். வினுவின் கையை யார் பிடிப்பது? அம்மாவுக்கு முழங்கால் வலி. குடையும் கம்பளி மூட்டையுமாகத் தன்னையே பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். செல்வியக்கா அவர் வீட்டுச் சாமான்களோடு ஏற்கெனவே பாதி தூரம் போயிருந்தார்.

நான் மறுபடி இஸ்தோப்பில் ஏறி, கூடையைத் தரையில் வைத்துவிட்டு நின்றேன். அம்மா உள்ளே போய் ஒரு படங்கை எடுத்து வந்தார். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் சாக்குத் துணி.

"கூட வாயக் கட்டிருவோம். அப்புறம் எப்பிடியாவது தூக்கு."

சாக்கைக் கண்டதும் சாம்பி எழுந்து நின்றது. காது பின்னால் போனது.

"வேணாம்மா."

"குதிச்சிருச்சின்னா?"

"கட்டினா இனி எப்பவும் இந்தக் கூடைக்குள்ள வராது."

"இன்னைக்கிக் குதிச்சிட்டா இனி எப்பவும்னு ஒண்ணு இருக்கா?"

மைக்கில் இன்னொரு தடவை சொன்னார்கள். நான் கூடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கயிற்றை எடுத்துத் தலையில் போட்டேன்.

"எறக்கு," என்றார் அம்மா.

"நேரமில்லம்மா."

"எறக்குடி அத."

நான் எழுந்தேன். எழும்போது பின்பக்கம் பாரம் ஒரு தடவை ஆடியது. அவ்வளவுதான், குதித்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. பாரம் அப்படியே இருந்தது.

அம்மா என் தலையில் இருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். பூனையைப் பார்க்கவில்லை. பிறகு படங்கை இஸ்தோப்பில் போட்டுவிட்டுக் குடையை விரித்தார்.

இறங்கினோம். கயிறு உச்சியில் அழுத்தியது. கழுத்து உடனே வலித்தது. பூனைக்கு இவ்வளவு பாரமா என்று இருந்தது. அம்மா நாள் முழுக்க எப்படித்தான் சுமந்தாரோ என்று நினைக்கக்கூட அப்போது நேரமில்லை. படியைப் பார்த்தேன், வினுவின் காலைப் பார்த்தேன், மறுபடி படியைப் பார்த்தேன். படிக்குப் பக்கத்துக் கான் வாய்க்காலில் தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. கீழ் லயத்து நாய் ஒன்று குரைத்துக்கொண்டே கூட வந்தது. கூடைக்குள் நகங்கள் பிரம்பைப் பிடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

பாதி வழியில்தான் கவனித்தேன். நான் முழுக்க நனைந்திருந்தேன். பின்னால் அம்மாவின் மேலும் மழை கொட்டியது. குடை கூடைக்கு மேலே இருந்தது.

"இருடா. இரு. இந்தா வந்திருச்சு," என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். முதலில் வினுவிடம் பேசுகிறார் என்று நினைத்தேன். வினு எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அம்மா அந்தப் பூனையிடம் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு

மண்டபத்தில் கூடையை ஒரு மேசைக்கு அடியில் வைத்தேன். சாம்பியின் கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. நெத்தலியை வைத்தேன். தொடவில்லை. கத்தவும் இல்லை. கூடையைச் சுற்றி அவ்வளவு ஆட்கள், பிள்ளைகளின் அழுகை, பாத்திரச் சத்தம். அது அப்படியே இருந்தது.

வினுவும் அப்படித்தான் இருந்தாள். அழவில்லை, எதுவும் கேட்கவில்லை. "என்ன தைரியமான புள்ள. ஒரு சத்தம் இல்லையே," என்று ஒருவர் மாற்றி ஒருவர் பாராட்டினார்கள். தூங்கும்போதுதான் பார்த்தேன். என் சட்டையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரலைப் பிரிக்க முடியவில்லை.

எங்கள் லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் இருந்த கீரைப் பாத்தி மட்டும் மண்ணுக்குள் போயிருந்தது. மறுபடி அங்கேதான் இருக்கிறோம். சாம்பி வீட்டுக்கு வந்ததும் வெளியே குதித்து, சாப்பிட்டு, என் முழங்காலில் முட்டிவிட்டு, கட்டிலில் வினுவின் காலடியில் போய்ப் படுத்தது. அட்டலுக்கு இப்போது போவதில்லை. இதைக் கண்டு நான் அழுதேன் என்று சொன்னால் நம்புவீர்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் வேறொன்று தொடங்கியிருக்கிறது.

வானம் இருண்டால் சாம்பி எங்கே இருந்தாலும் வந்து கூடைக்குள் ஏறிக்கொள்கிறது. தூங்குவதில்லை. சுருள்வதும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து கதவைப் பார்க்கிறது. "அறிவப் பாருங்க," என்கிறார் செல்வியக்கா. "எங்க வீட்டு மனுசன மூணு தடவ கூப்பிடணும்."

தூறல் விழுந்தால் வினு தன் சப்பாத்துகளை எடுத்து வந்து, இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். யாரும் சொல்லவில்லை. அவளாகவே.

போன வாரம் ஒரு சின்ன மழை. துணி எடுக்கக்கூட அவசரம் இல்லாத மழை.

"வினு, இது சும்மா மழ. நாம எங்கயும் போகல்ல," என்றேன்.

"சரி அம்மா," என்றாள்.

சப்பாத்தைக் கழற்றவில்லை. சாம்பியும் இறங்கவில்லை. நானும் அவர்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மழை நின்ற பிறகு முதலில் பூனை இறங்கியது, பிறகு பிள்ளை எழுந்து போனாள்.

நான் ஆசைப்பட்டது இதைத்தான். கூப்பிட்டால் வர வேண்டும், பிடித்தால் இருக்க வேண்டும். இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஆனால் என்னை நம்பி இருக்கிறார்களா, மழைக்குப் பயந்து இருக்கிறார்களா? வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே.

பூனை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். கூடையைக் கொஞ்ச நாள் எடுத்து ஒளித்து வைக்கட்டுமா? வைத்தால், அடுத்த தடவை மைக்கில் சொல்லும்போது அது வருமா? இல்லை, வெயில் நாட்களிலும் கூடையோடு அதைத் தூக்கிக்கொண்டு சும்மா நடந்து காட்ட வேண்டுமா? பிள்ளை வளர்த்தவர்களும் சொல்லுங்கள். மலைச் சரிவில் குடியிருந்துகொண்டு, இந்த மழைக்குப் பயப்படு, அந்த மழைக்குப் பயப்படாதே என்று உங்கள் பிள்ளைக்கு எப்படிச் சொன்னீர்கள்?

இதை எழுதும்போது நல்ல வெயில். கூடை காலியாக இருக்கிறது. சாம்பி கூரையில் நீட்டிப் படுத்திருக்கிறது. வினு வெறுங்காலோடு வாசலில் ஓடுகிறாள்.

அடுத்த மழைக்கு முன் எழுதுங்கள்.